கண் அசைவுக் கேள்வி: போன முறை விட்டது, இந்த முறை பிடித்தது

நேற்று ரிசல்ட் வந்தது, பார்வை நரம்பியல் தாளில் பாஸ். இன்னும் நம்ப முடியவில்லை. போன முறை அரியர் விழக் காரணம் ஒரே பெரிய கேள்விதான்: கண் நகர்ந்தும் உலகம் ஏன் நகர்வதில்லை? மூன்று பக்கம் எழுதினேன், மூன்றிலும் சக்காடிக் சப்ரஷன். கண் சட்டென்று தாவும் (சக்காட்) நேரத்தில் பார்வை மங்குவது, அதாவது இந்தச் சப்ரஷன், உண்மை, ஆனால் தாவி முடித்ததும் படம் விழித்திரையில் வேறு இடத்தில் கிடக்கிறதே, அது அதே பொருள்தான் என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? கேள்வியே அதுதான், அதைத் தொடவே இல்லை.

இந்த முறை எந்தச் சிக்னலைப் படித்தாலும் ஒன்றே ஒன்று கேட்டேன்: கண் அசைவதற்கு முன்பா, பின்பா? நோட்டில் குறுக்கே ஒரு கோடு, நடுவில் சக்காட் தொடங்கும் புள்ளி. கண் தசைக்குப் போகும் கட்டளையின் நகலை மூளை தனக்கே அனுப்பிக்கொள்கிறது, அது இடது பக்கம், அதாவது முன்பே. கண் தசையிலிருந்து திரும்பி வரும் உணர்வு வலது பக்கம், அது தாமதமாகத்தான் வரும். கட்டளையை நம்பும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பக்கமா, தசை உணர்வை நம்பும் ஷெரிங்டன் பக்கமா என்ற பழைய வாதமும் இதற்குள் வந்துவிடும். 1992-இல் டுஹாமெல், கோல்பி, கோல்ட்பெர்க் குரங்கு மூளையின் பரைட்டல் (பக்கவாட்டு மேல்) பகுதியில் கண்டதும் இடது பக்கம்தான்: அடுத்து எங்கே பார்க்கப் போகிறதோ அதற்கேற்ப, கண் கிளம்பும் முன்பே சில நியூரான்கள் பதில் தருகின்றன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செய்தும் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றதன் கீழிமை ஓரத்தை விரலால் மெதுவாகத் தள்ளினால் எதிரே இருப்பதெல்லாம் நகரும். நீங்களாகவே கண்ணைத் திருப்பினால் நகராது. தள்ளும்போது வழக்கமான கட்டளை இல்லை, அதனால் படத்தின் நகர்வைக் கழித்துவிட நகலும் இல்லை. இதை ஒரு படமாகப் போட்டேன், விடை அதிலிருந்தே வளர்ந்தது.

அப்புறம் சில:

- இந்த நகலுக்கு 1950 ஒரே ஆண்டு, இரண்டு பெயர். ஸ்பெர்ரி சொன்னது கரோலரி டிஸ்சார்ஜ், ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டேட்டும் சொன்னது எஃபரன்ஸ் காப்பி.
- நகல் போகும் பாதை: நடுமூளையின் சுப்பீரியர் காலிகுலஸ், தாலமஸின் எம்டி (மீடியோடார்சல்) பகுதி, அங்கிருந்து முன்மூளையில் கண் அசைவைக் கவனிக்கும் ஃப்ரண்டல் ஐ ஃபீல்டு. சாமர், வர்ட்ஸ், 2002. குரங்கை அடுத்தடுத்து இரண்டு தாவல் செய்ய வைத்து, எம்டியை மருந்தால் அடக்கினால் முதல் தாவல் சரியாகப் போகிறது, இரண்டாவது பிசகுகிறது. ஏன் இரண்டாவது என்பதை எழுதினால்தான் மார்க்: முதல் தாவல் கண்ணை எங்கே விட்டது என்ற கணக்கு குறைந்துபோகிறது.
- சப்ரஷனுக்கு ஒரு பத்தி போதும், அதற்கு மேல் வேண்டாம்.
- பர்சூட்டுக்கு, அதாவது ஓடும் பொருளைக் கண் தொடர்வதற்கு, ஃபிலேனே மாயை: அப்போது நிற்கும் பின்னணி எதிர்த்திசையில் நகர்வதுபோலத் தெரியும்.

நகல் எப்போதும் அப்படியே பயன்படுகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தாவலின் நடுவில் இலக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் நாம் கவனிப்பதே இல்லை. ஆனால் தாவும்போதே அதை மறைத்து, தாவல் முடிந்து சற்று நேரம் கழித்துக் காட்டினால், நகர்ந்தது பளிச்சென்று தெரிகிறது. 1996-இல் டாய்பெல் குழு காட்டியது இது. தகவல் மூளையில் இருந்திருக்கிறது, மறைக்காதபோது தாவி முடித்ததுமே இலக்கு தெரிந்ததால் அது பயன்படுத்தப்படவில்லை. வைவாவில் இதைச் சொன்னபோதுதான் எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார்.