உள்ளே இருப்பவரும் வழக்குப் போடலாம்

உங்கள் வீட்டுப் பிள்ளை சேலம் அஸ்தம்பட்டி ஜெயிலில் இருந்து, உள்ளே அடி விழுகிறது, வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள். அவரே நீதிமன்றத்துக்குக் கைப்பட எழுதலாம்.

திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதியை ஒரு வார்டர் பணத்துக்காகச் சித்திரவதை செய்கிறார் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வெறும் கடிதம்தான். அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றமே வழக்கறிஞர்களை நியமித்து, சிறைக்குள் போய் விசாரிக்கச் சொன்னது. 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக்குள் போனாலும் அடிப்படை உரிமை போய்விடாது என்று உறுதியாகச் சொன்னது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1972-ல், வக்கீல் இல்லாமல் கைதி எழுதிய மனுவை வக்கீல் எழுதியதைப் போலக் கறாராகப் பார்க்கக் கூடாது என்றது.

சிறைக்குள் நடக்கும் கொடுமை நம் ஊருக்குத் தூரத்துக் கதை இல்லை. அரசியலமைப்பு அமலுக்கு வந்து 16 நாளில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள்.

மனுவில் சட்டப் பிரிவெல்லாம் வேண்டாம். என்ன தேதி, எந்த பிளாக், யார் அடித்தது, யார் பார்த்தது, டாக்டரிடம் காட்டினார்களா, இவை போதும். தமிழிலேயே எழுதலாம். அப்புறம், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.