லோயாட்ல ஸ்கூல் பிசி செட்

அக்கா மகன் படிவம் 4 போறான், ஸ்கூல் வேலைக்கு சின்னதா ஒரு பிசி வேணுமாம், பட்ஜெட் டைட்டு, அதனால கேஎல்ல இருக்குற கம்ப்யூட்டர் மால் லோயாட் பிளாசாக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், கிராபிக்ஸ் கார்டு பேச்சே எடுக்காதடான்னு. ஏஎம்டியோட ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டா கிராபிக்ஸ் அதுக்குள்ளயே இருக்கு, 6 கோர், 65 வாட்டுதான். இன்டெல்னா மாடல் பேர் கடைசில எஃப் இருக்கான்னு பாத்துக்குங்க, இருந்தா தனி கார்டு இல்லாம ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வேணாம், 8 ஜிபி ரெண்டா கேளுங்க, உள்ள இருக்குற கிராபிக்ஸ் அந்த ரேம்லதான் ஓடுது, ரெண்டு ஸ்டிக்கும் சேந்து ஓடுற டூயல் சேனல்னா வித்தியாசம் நல்லாவே தெரியும். ஃபைல் எல்லாம் சேத்து வைக்கிற எஸ்எஸ்டி 500 ஜிபி போதும். பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கேசோட சேத்து ஓசில வர்றத நான் நம்பமாட்டேன். பையன் இப்ப கலர் லைட்டு எரியற ஆர்ஜிபி ஃபேன் வேணும்னு மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான், லைட்டு வந்து எஸ்பிஎம் பரீட்சை எழுதுமா என்ன?