நாற்காலியைப் பிடித்த நாலு பேர்

திருஇருதய ஆண்டவர் திருவிழாவுக்கு ஏற்காடு கோவிலுக்குப் போகலாம் என்று எங்கள் அன்பியத்தில் வேன் பேசினார்கள். பெந்தெகோஸ்து ஞாயிறு முடிந்து 19ஆம் நாள் வருகிற வெள்ளிக்கிழமைதான் அந்தத் திருவிழா, பெரும்பாலும் ஜூனில் வரும். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன வீட்டுக்காரரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? "விட்டுட்டு வரச் சொல்லி யாரு சொன்னா? அவரையும் கூட்டிட்டு வா கண்ணு" என்றார் பொறுப்பாளர் அக்கா.

அன்பியம் என்றால் பங்கில், அதாவது ஒரே கோவிலைச் சேர்ந்த பகுதியில், ஒரு தெரு, இரண்டு தெருவைச் சேர்ந்த இருபது முப்பது குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி பைபிள் வாசித்து ஜெபிப்பது. நானும் வருஷக்கணக்கில் போய்வந்தேன், ஏதோ கடமைக்கு. அதன் அருமை அவர் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அவருக்குக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. கை நின்றதும் வருமானம் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே ஒரு பை அரிசி வந்தது, பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள், மாதக் கடைசியில் எல்லாம் ஒரே பைக்குப் போகும். பொன்னி, ரேஷன் அரிசி, இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விதையாக நிற்கும், ஒரே பதமாக வேகவே வேகாது. ஆறு மாதம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். எந்தப் பருக்கை எந்த வீட்டிலிருந்து வந்ததோ என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் எப்போதும்போல இரண்டு பேராக வந்து மருந்துச் சீட்டை வாங்கிப் போவார்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் ஆரம்பித்த சபையாம் அது. எங்கள் சந்துக்குள் வந்து ஒரு மாத்திரை அட்டையை வைத்துவிட்டுப் போகிறது.

எனக்கு அப்போது ஜெபமே வரவில்லை. 'அருள்நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதற்கு மேல் கோபம்தான் வரும். சாயந்தரம் நாலைந்து பேர் வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள், நான் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். ஒருநாள்கூட யாரும் என்னை உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. அவர்கள் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள்.

அக்கா சொன்னபடி திருவிழாவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டே வேனில் கிளம்பினோம். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறவரை அவர் தலை ஆடாமல் இருக்க ஒரு தம்பி தன் தோளைக் கொடுத்தபடியே வந்தான். போன வருஷம் அவன் அம்மா தவறியபோது மூன்று நாளும் அவன் வீட்டுக்குச் சோறு எங்கள் அடுப்பிலிருந்துதான் போனது, அதே கலப்பு அரிசிச் சோறு. மேலே சேர்வராயன் மலைக் குளிர், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, தூறல். எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை, இவரை எப்படி இறக்குவது என்பதே யோசனையாக இருந்தது.

கூட்டத்துக்குப் போடுகிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வேன் பின்னால் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் அவரை உட்காரவைத்து, நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குள் போய், ஆண்டவர் சுரூபம் தெரிகிற இடத்தில் இறக்கினார்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குவார்களே, அது நினைவுக்கு வந்தது. இயேசு அங்கே பார்ப்பது அவர்களுடைய நம்பிக்கையை. படுத்துக் கிடந்தவனுக்கு எவ்வளவு இருந்தது என்று கேட்டதாக எழுதவில்லை. பூசை முழுக்க எனக்கு அழுகைதான், ஆனால் தொண்டை அடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து 'அருள்நிறைந்த மரியே' முழுதாகச் சொன்னேன்.

வீடு திரும்பும்போது மணி எட்டு. ரசம் வைத்துக்கொள்ளலாம் என்று அரிசி அளந்தேன். அவர் இடது கையை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன், இல்லை, படியிலிருந்து ஒரு பிடி அள்ளினார், டப்பாவைக் காட்டினார். பாதி உள்ளே விழுந்தது. தரையில் சிந்தியதைக் கூட்டி நான் போட்டேன்.