காலண்டரோடு வீடு பார்க்கப் போனேன்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என் பையில் தினசரி காலண்டர் இருக்கும். அந்த வருடத்து முகூர்த்த நாள்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் அல்லவா, அதற்காக. நான் அதைப் புரட்டும்போது ஹவுஸ் ஓனர்கள் பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். நான் பார்ப்பது வேறு. இந்தத் தெருவுக்கு எந்தெந்த நாளில் என்ன சத்தம் வரும் என்று பார்க்கிறேன்.

வேலூர் காந்தி நகரில் பட்ட அனுபவம் அப்படி. நான்கு வருடத்துக்கு முன்பு, புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த வீட்டைப் பார்த்தேன். வாசலில் வேப்பமரம், மொசைக் தரை, தெருவில் ஆளே இல்லை. அரை மணி நேரம் ஜன்னல் ஓரம் நின்றேன். ஒரு காகம் கத்தியதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஐப்பசி பிறந்ததும்தான் தெரிந்தது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம். நாதஸ்வரம் எனக்குப் பிரச்சினை இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அண்டா உருட்டுவது, ஜெனரேட்டர், மைக்கில் யாரோ விரலால் தட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும் காரின் பாட்டு, அடுத்தது எது என்று தெரியாமல் படுத்திருப்பது, இதுதான் முடியவில்லை. நாற்பது நாளில் காலி செய்தேன். புரட்டாசியில் இங்கே கல்யாணம் குறைவு, அதிலும் செவ்வாய்க்கிழமை வைக்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அதை வீட்டோடு சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை.

எனக்கு ஆஸ்பெர்கர், ஆட்டிசத்தில் ஒரு வகை. அதை இங்கே எழுதிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இதற்கெல்லாம் ஒரு வீட்டை விடுவார்களா என்று கேட்பீர்கள். 31 வயதில், பாகாயத்தில், மூன்று முறை போய்ப் பேசிய பிறகு மருத்துவர் சொன்னார். அறிக்கையில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்றுதான் எழுதினார்கள். 1981இல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் பரவலாக்கிய ஆஸ்பெர்கர் என்ற பெயரை, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறிதல் கையேட்டிலிருந்து எடுத்து ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டது. அதே 2013 கையேட்டில்தான் ஒலி, வெளிச்சம், வாசனை, தொடுகை இவையெல்லாம் அளவுக்கு மீறி உறைப்பதோ உறைக்காமலே போவதோ அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

நான் பழைய பெயரை விடாததற்குக் காரணம் என் வேலை. மெடிக்கல் கோடிங் செய்கிறேன். அமெரிக்க மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலில் உள்ள எண்ணைப் போடுவது. ஆஸ்பெர்கருக்கு எஃப் 84.5. எனக்கு அதுதான் என்று தெரிவதற்கு முன்பே, முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த எண்ணை என் கையால் போட்டிருக்கிறேன். பாகாயத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்த எண்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அழுதேன். துக்கத்தில் இல்லை.

பிறந்து வளர்ந்தது குடியாத்தம். எங்கள் தெருவில் லுங்கித் தறி. காலை ஆறு மணிக்கு முதல் தறி தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தெரு முழுவதும் சடக் சடக் என்று ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும், மறுபடி ஓடும், விளக்கு வைக்கும் நேரம் அடங்கும். பாட்டி இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் படுத்துத் தூங்குவேன். இத்தனை சத்தத்தில் பிள்ளை எப்படித் தூங்குது என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதே பிள்ளை, யாராவது எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டால் காதைப் பொத்திக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கிவிடும். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே திரளும், மேளமும் வெடியும் அடங்காது. அதற்கு முந்தின நாள் பாட்டி என்னைப் பேரணாம்பட்டில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். எல்லாரும் குடியாத்தத்துக்குள் வரும் நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே போகும் பஸ்ஸில் இருப்போம். திருவிழா பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆட்டிசம் என்ற சொல்லே தெரியாமல் செத்துப்போனாள்.

அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டைப் பங்கு பிரித்து விற்றாயிற்று. எனவே வேலூர்.

அண்ணன் சத்துவாச்சாரியில் இருக்கிறான். காந்தி நகர் வீட்டை விட்டதும் அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மேல்மாடி போர்ஷன் பிடித்துக் கொடுத்தான். பதினோரு மாதம் இருந்தேன். பெங்களூர் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் தூரத்தில் ஒரே சீராக வரும், அது பழகிவிட்டது. மேமாதம் நாற்பது டிகிரிக்கு மேல் போகும் ஊரில் மேல்மாடி என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. சத்தத்துக்காக ஜன்னலை மூடினால் வேகும், வெக்கைக்காகத் திறந்தால் சத்தம். இதையும் ஏசி போட்டுச் சமாளித்தேன்.

சமாளிக்க முடியாமல் போனது கீழ்வீட்டுக்காரர்களின் அன்பு. இதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் என்மேல் உண்மையிலேயே பிரியமாக இருந்தார்கள். பெண் பிள்ளை ஒண்டியாக இருக்கிறாளே என்று அந்த அம்மா நினைத்தபோதெல்லாம் மேலே ஏறி வருவார். ஒரு நாள் கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு நாள் வெறும் பேச்சு. "சும்மாத்தாம்மா வந்தேன்" என்பார். அந்தச் 'சும்மா' எப்போது வரும் என்று தெரியாததால் நாள் முழுக்கப் படியில் காது வைத்துக்கொண்டே வேலை செய்தேன். கதவு தட்டாத நாளில் இன்னும் அதிகமாகக் களைத்துப்போனேன். ஒரு நாள் நான் ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் பிளம்பர் நிற்கிறார். மாற்றுச் சாவியில் திறந்து அழைத்து வந்திருந்தார்கள். அன்று சாயங்காலம்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தால் சொல் வராது. அண்ணன் போன் செய்தபோது எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

பிறகு என் நிலையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா படித்துவிட்டு, "ஒனக்கு இன்னாம்மா கொறச்சல்? நல்லாத்தான பேசுற" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது அது. அண்ணனும் "அவங்க நல்லதுக்குத்தான பண்றாங்க" என்றான். நல்லதுக்குத்தான். அதனால்தான் குறை சொல்லவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் எட்டுக் கிலோ இளைத்தேன்.

அந்தப் பதினோரு மாதத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. போனில் சத்தம் அளக்கும் ஆப் வைத்திருந்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த மாடியில் பல இரவு 40தான் காட்டியது. சட்டப்படி அமைதியான வீடு. நான் தூங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அமைதி இல்லை, எப்போது என்ன வரும் என்ற தகவல். தறித்தெருவில் அது கிடைத்தது, சந்தடியே இல்லாத மாடியில் கிடைக்கவில்லை. அதுவரை வீடு பார்த்த இடமெல்லாம் "இங்க சத்தம் இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டாலும் "சத்தமே கெடையாதும்மா" என்பார்கள். அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன்: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில்? மோட்டார் யார் போடுவார்கள்? குப்பை வண்டி எப்போது? ஆடியில் கூழ் எந்தக் கிழமை, ஸ்பீக்கர் எந்தக் கம்பத்தில் கட்டுவார்கள்? இதற்கு ஜனங்கள் ஆசையாகப் பதில் சொல்கிறார்கள், விவரமாகவும் சொல்கிறார்கள். தன் தெருவைப் பற்றி இப்படி யாரும் அவர்களைக் கேட்டதில்லை போல.

ராணிப்பேட்டையில் வாடகை குறைவு என்று போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோல் பதனிடும் வாடை. அங்கே இருப்பவர்களுக்கு அது மூக்கில் படுவதே இல்லை. எனக்கு மூக்கில் பட்டால் பட்டதுதான், பழகாது. இருபது நிமிஷத்தில் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டேரிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு வீடு கிடைத்தது, காற்று அருமை, தெருநாய்கள் பதினாறு. எண்ணினேன். நாய் எப்போது குரைக்கும் என்று எந்தக் காலண்டரிலும் இல்லை. இன்னும் இரண்டு இடத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் வந்து சேர்ந்தது காட்பாடியில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தெரு. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆத்துக்கு அந்தாண்ட போய்ட்டா அவசரத்துக்கு நான் எப்டி வர்றது? அதுவும் ரயில் சத்தத்துல நீ எப்டிடி இருப்ப?"

அவனை உட்காரவைத்து விளக்கினேன். காட்பாடி பெரிய ஜங்ஷன்தான். ஆனால் சென்னை, ஜோலார்பேட்டை மார்க்கம் வேறு, திருப்பதி மார்க்கம் வேறு. என் ஜன்னலுக்கு எதிரே போவது வேலூர் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் ஒற்றைத் தடம். அதில் ஓடுகிற வண்டிகள் குறைவு, எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. தாமதம் என்றால் அதையும் 'வேர் இஸ் மை ட்ரெயின்' ஆப் சொல்லிவிடும். உலகத்தில் வேறு எந்தச் சத்தம் இத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லியனுப்புகிறது? கூட்ஸ் வண்டிக்கு அந்தக் கணக்கு இல்லை, அது வரும்போது வரும். ஆனாலும் தூரத்திலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகித்தான் வருகிறது. முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதில்லை. ஜன்னலை மூடி அளந்தால் வண்டி போகும்போது 68 டெசிபல். முதல் ராத்திரியே தூங்கினேன். தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுவது தறிச் சத்தத்தில் சேர்த்திதான்.

ஒப்பந்தம் எழுதும்போதும் இந்த முறை கவனமாக இருந்தேன். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் தனி வரியாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் ரிட்டையர்டு டீச்சரம்மா. கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "சட்டத்துலயே இருக்குதுன்னா எழுதறதுல இன்னா இருக்குது, எழுது" என்றார். ஆஸ்பெர்கர் என்றால் என்ன என்று கேட்கவில்லை. "ஒனக்கு வாட்ஸப்பா, சீட்டா?" என்று மட்டும் கேட்டார். சீட்டு என்றேன். கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போய்விடுவார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. குளியலறைக் குழாய் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, எல்இடி மாற்றினேன். மேற்குச் சுவர் மாலையில் கொதிக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வேலையாகப் போனால் திரும்பி வந்து இரண்டு மணி நேரம் இருட்டில் படுக்க வேண்டியிருக்கிறது. அது வீட்டின் குறை இல்லை.

போன வாரம் ஒரு சீட்டு வந்தது. "ஆடி மூணாவது ஞாயிறு கூழ். சனி ராத்திரியே ஸ்பீக்கர் கட்டுவாங்க. உன் ஜன்னல் பக்கத்துக் கம்பம்." கீழே ஒரு கோடு போட்டு, "கூழ் எடுத்து வைக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானமே அண்ணன் வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறான். இரண்டு நாள் அவன் வீட்டில், உள்ளறையில். பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை பேச மாட்டான். அது அவனாகவே கற்றுக்கொண்டது.