நிழல்வலைக் குடிலுக்கு அஸ்திவாரம்: கொல்லையில் பட்ட பாடு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் எங்கள் பழைய வீடு. அதன் கொல்லையில் 18க்கு 12 அடியில் செடிகளுக்கு ஒரு குடில் போட நினைத்தேன். கண்ணாடிக் குடிலெல்லாம் குளிர் நாட்டுக்கு. இங்கே சித்திரை வெயிலில் செடி வெந்துவிடும். அதனால் நிழல்வலை, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். அது ஒரே நாளில் முடிவாகிவிட்டது. அஸ்திவாரத்துக்குத்தான் மூன்று வாரம் ஆனது.

கொத்தனார் தரை முழுக்கக் கான்கிரீட் போடச் சொன்னார். வெல்டிங் தம்பியோ, "அண்ணே, குழாய ஒன்றரை அடி அடிச்சு எறக்கினாப் போதும்" என்றார். ஆச்சிக்குத் தரையில் ஆத்தங்குடிக் கல் (அந்த ஊர்ப் பூவேலைத் தரைக்கல்) பாவ வேண்டும். அழகுதான். ஆனால் கண்ணாடிப் பலகைமேல் வார்க்கிற கல், வழவழப்பு அதிகம். தினமும் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் எழுபது வயதுக்காரரை நடக்கவிட எனக்குத் துணிவில்லை.

குடிலுக்கு எடையே கிடையாது என்பது யோசித்தபோதுதான் உறைத்தது. அது அமுங்காது, காற்றில் எழும்பும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகளே வேரோடு கிடந்ததைப் பார்த்தவன் நான். ஒன்றரை அடிக் குழாய் எம்மாத்திரம்? முழுத் தளமும் வேண்டாம், மழைத்தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஒரு குழி தோண்டி இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தேன். காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் செம்மண் குடித்துவிட்டிருந்தது. அப்படிப்பட்ட மண்ணை ஏன் மூட வேண்டும்?

கடைசியில் இரண்டு நீளப் பக்கத்திலும் ஆறடிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு நாலு, ஆக எட்டுக் குழிகள். ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம், இரண்டடி ஆழம். அடியில் செம்பூரான்கல் தட்டியதால் கடப்பாரைக்குத்தான் வேலை. மூலை மட்டத்துக்கு 3, 4, 5 அடி நூல் கணக்கு: ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5 வந்தால் மூலை செங்கோணம். குழாயின் அடிமுனையில் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியை வெல்டிங் வைத்தோம், கான்கிரீட்டை விட்டு உருவிக்கொண்டு வராமல் இருக்க. கலவை 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி). ஒரு குழிக்கு இரண்டு கன அடி, அதாவது 135 கிலோ போல. எட்டும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். கான்கிரீட்டின் மேல்முனையைத் தரைக்கு மூன்று அங்குலம் மேலே தூக்கிச் சரிவாகப் பூசச் சொன்னேன். குழாய் துருப்பிடிப்பது மண்ணைத் தொடும் இடத்தில்தான்.

வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளித்தான் தோண்டினோம். சுண்ணாம்புக் காலத்து அஸ்திவாரத்தைச் சீண்டக் கூடாது, ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் கொட்டும்.

தப்பு ஒன்று நடந்தது. தென்மேற்குக் குழாய்க்கு முட்டுக் கொடுக்காமல் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டோம். மறுநாள் தூக்குக்குண்டு பிடித்தால் ஓர் அங்குலம் சாய்வு. உடைத்து மறுபடி வார்த்ததில் ஒரு நாள் கூலி போனது.

கான்கிரீட் இறுக ஏழு நாள் தண்ணீர் கட்டினோம். தரையில் நாலு அங்குலம் ஜல்லி, நடக்க மட்டும் நடுவே சொரசொரப்பான சிமெண்ட் பலகைகள். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் நிற்கவில்லை. ஆச்சி மட்டும் ஆத்தங்குடிக் கல்லை இன்னும் விடவில்லை. வாசல் படிக்கு நாலு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.