14 நாள் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது?

குடியியல் நடவடிக்கைமுறைப் பரீட்சையில் முதல் தடவை நான் கோட்டைவிட்டது பிரதான வழக்கில் அல்ல, அதைத் தொற்றிக்கொண்டு வரும் விண்ணப்பங்களில்தான். வழக்குரை, மறுமொழி, விளக்கம், தீர்ப்பு எல்லாம் வரிசையாக வருவதால் மனதில் நின்றன. தடையாணை, வழக்கு நடக்கும்போது கேட்கிற தாபரிப்பு, எதிராளி வராமலோ மறுமொழி கொடுக்காமலோ விட்டதால் விழுந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கேட்பது, தீர்ப்பாணையை நிறைவேற்றக் கைப்பற்றிய பொருளுக்கு மூன்றாம் ஆள் உரிமை கோருவது, இவைதான் கலந்து சாம்பாராகிவிட்டன.

தெளியவைத்தவர், மட்டக்களப்பில் நான் பழகப் போய்வந்த சட்டத்தரணியின் எழுதுவினைஞர். முடிந்துபோன காணி வழக்கொன்றின் கோப்பைத் தூக்கி முன்னால் வைத்து, "மனே, இதுல எத்தின வழக்கு கிடக்கு?" என்றார். மனுவும் சத்தியக்கடதாசியும் இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கட்டியிருந்தன. மூன்று என்றேன். "நம்பரப் பாரு." எல்லாவற்றிலும் ஒரே இலக்கம். "பெரிய வழக்கு விழுந்தா மறுகா இதுகளுக்கு என்ன நடக்கும்? அத யோசி."

களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் இருந்தபடி ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 662ஆம் பிரிவில் கேட்கிற இடைக்காலத் தடையாணை, வழக்கு தள்ளுபடியானால் கூடவே சாகும். 614இன் தாபரிப்பும் விவாகரத்து வழக்கு இருக்கும்வரைதான். ஆனால் 241இன் உரிமைக்கோரிக்கை வேறு சாதி. அதைச் சுருக்கமுறையில் விசாரிப்பார்கள். தோற்றவர் 247இன் கீழ் புதிய வழக்கே போடலாம். வாலாக வந்தது தனி உடம்பாகிவிடுகிறது.

அப்புறம் 14 என்ற எண். 1889ஆம் ஆண்டின் நம் கோவையில் அது பல இடத்தில் கிடக்கிறது. தொடங்கும் நாள்தான் வேறு. 247இல் கட்டளை நாளிலிருந்து. 757இல் மேன்முறையீட்டு அனுமதி கேட்கும்போது கட்டளை சொன்ன நாள், மனுக் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் கழித்து 14. போயாவை மறந்தால் கணக்குப் பிழைக்கும். கலண்டரை வைத்து எண்ணிப் பழகுங்கள்.

என்னைக் கவிழ்த்தது 86(2). ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்துதான் 14 நாள். நான் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணி, "காலம் கடந்துவிட்டது" என்று இரண்டே வரியில் கேள்வியில் வந்த எதிராளியின் கதையை முடித்துவிட்டு வந்தேன். தவறியதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்ற, புள்ளி கிடைக்கிற பகுதியைத் தொடவேயில்லை. மன்று திருப்திப்பட்டால் தீர்ப்பாணை நீங்கும். தவறிய கட்டத்திலிருந்து எதிராளி வாதாடலாம். பிரதான வழக்கு தள்ளுபடியாகாது. இதையும் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.

எந்த வழக்கு, எந்தக் கட்டம், எந்தப் பிரிவு, எந்த நாள். விடையின் முதல் பந்தியில் இவ்வளவும் இருக்கட்டும். வாதம் அதற்குப் பிறகு.

இரண்டாம் தடவை வினாத்தாளைக் கையில் வாங்கியதும் திகதிகளை மட்டும் தேடி வட்டமிட்டேன். தீர்ப்பாணை சேர்ப்பித்த திகதி கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில் சொன்னதுபோல் கிடந்தது.