பத்து மில்லி

நவம்பர் 4, செவ்வாய்

குளியலறைச் சுவரில், பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பிக்கு ஆறு ஓட்டை. ஆறும் வீண்.

இடது முனையின் மூன்றும் சரியான உயரத்தில்தான் இருக்கின்றன. வலது முனை பத்து மில்லி கீழே. கம்பியை வைத்து மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழ் ஒரே ஓட்டமாக இடப்பக்கம் போய் நிற்கிறது. காரணம் கண்ணெதிரே கிடக்கிறது: இரண்டு முனைக்கும் தரையிலிருந்து டேப் பிடித்து 33 அங்குலம் குறித்திருக்கிறார்கள். குளியலறைத் தரை சமமாகவா இருக்கும்? தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். அறுபதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், இரண்டடிக் கம்பிக்குப் பத்து மில்லி வந்துவிடும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, அதுதான் எரிச்சல்.

நவம்பர் 4, இரவு

எட்டு மில்லி ஓட்டைக்குப் பத்து மில்லி தள்ளி இன்னொரு எட்டு மில்லி ஓட்டை போட்டால் நடுவில் நிற்பது இரண்டு மில்லி டைல். நிற்காது. அடைத்துவிட்டு ஒட்டினாற்போலத் துளைத்தாலும், டிரில் பிட் இளக்கமான பக்கம் சறுக்கிப் பழைய ஓட்டைக்குள்ளேயே போகும்.

மொத்தக் கம்பியையும் இரண்டு அங்குலம் ஏற்றுவதுதான் வழி. 35 அங்குலம். 33க்கும் 36க்கும் நடுவே இருந்தால் போதும் என்பது கணக்கு. கணக்குக்குக் கை கிடையாது. பிடிக்கப் போகிறவருக்கு எட்டுமா?

நவம்பர் 5, புதன்

35 எட்டும். அவரிடமே போனில் கேட்டாயிற்று.

கம்பியின் முனையில் சுவரோடு பதியும் பிளேட்டைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டிப் பார்த்தேன். ஏற்றினால் இரண்டு பழைய ஓட்டை பிளேட்டுக்கு அடியில் மறையும். புதுத் துளைகள் அவற்றிலிருந்து 25 மில்லியாவது தள்ளி விழுகின்றன, போதும். மீதி நான்கு வெளியே தெரியும். அதில் நாலாவது மோசம்: டிரில்லில் ஹேமரை, அதாவது இடித்துத் துளைக்கும் விசையை, போட்டுக்கொண்டே டைலைத் துளைத்ததில் மேல்பூச்சு ஓட்டையைச் சுற்றி மூன்று மில்லி பெயர்ந்து, உள்ளே செம்மண் நிறம் பல்லை இளிக்கிறது.

பழைய ஓட்டைகளில் திருகாணிக்காகச் செருகிய பிளக்கைப் பிடுங்க: திருகாணியை நாலு சுற்று மட்டும் உள்ளே விட்டு, கொறடால் நேராக இழுக்க வேண்டும். நெம்பக் கூடாது. நெம்பினால் கொறடின் முதுகு டைலில் அழுந்தி விரிசல் விழும். ஐந்து வந்துவிட்டன. ஒன்று தலை பிய்ந்து உள்ளேயே நின்றது. அதை உள்ளே தள்ளி விட்டாயிற்று, அடைப்புக்குப் பின்னால் கிடக்கட்டும்.

பழைய பல்துலக்கும் பிரஷ், பிறகு சைக்கிள் பம்பால் காற்று. தூசு இருந்தால் எதுவும் பிடிக்காது. திருப்புளியின் கைப்பிடியால் டைலைத் தட்டிப் பார்த்தேன். பொள்ளல் சத்தம் இல்லை, கெட்டி. பொள்ளலாக இருந்திருந்தால் இந்த இடத்தில் கம்பியே கூடாது.

நவம்பர் 6, வியாழன்

மழை.

உள் அடைப்பு: சிமென்ட் ஒன்று, சலித்த மணல் மூன்று, உதிரி ஈரத்தில். முதலில் ஓட்டைக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அது இறுகாமல் பொடியாகவே நிற்கும். பென்சில் கட்டையால் இடித்து இடித்து இரண்டு தவணையாக, மேலே நாலு மில்லி பள்ளம் விட்டு.

வெள்ளை சிமென்டையே முகம் வரை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். முடியும், வறண்ட சுவரில். இங்கே தண்ணீர் படும். அது சுருங்கி ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், உப்புத் தண்ணீரில் மஞ்சள் பாரிக்கும். எம்சீல் பிடிக்கும், ஆனால் சாம்பல் நிறம். ஐவரி டைலில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

காயவில்லை. தொட்டால் குளிர்கிறது. மேல் பள்ளத்தில் நிரப்பப் போவது அரால்டைட் பசை, ஈரத்தின் மேல் அது ஒட்டாது. ஹேர் டிரையர், ஓட்டைக்கு ஐந்து நிமிடம்.

நாளெல்லாம் நிறம். காய்ந்த வெள்ளை சிமென்ட் பொடியில் மஞ்சள் ஆக்சைடு, கத்தி முனையில் எடுக்கும் அளவு. பொடியாகப் பார்த்தால் டைலேதான். அரால்டைட்டில் குழைத்ததும் ஒரு படி கறுத்து மஞ்சளடிக்கிறது. ஆகவே பொடியை வேண்டியதைவிட வெளுப்பாகவே வைக்க வேண்டும். ஐந்து மாதிரியைத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் பொட்டுப் பொட்டாக வைத்தேன். இறுகிய பிறகு தாளைச் சுவரில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். டியூப்லைட்டில் எல்லாமே பொருந்தும்.

அவர் வரும் திங்களுக்கு இன்னும் மூன்று நாள்.

நவம்பர் 8, சனி

மூன்றாவது பொட்டு.

ஓட்டையைச் சுற்றி தின்னரால் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேடால் ஓட்டை அளவுக்கு வெட்டியெடுத்தேன். நாலாவதற்குப் பெயர்ந்த இடமும் சேரும்படி. நிதானமாக இறுகும் அரால்டைட்தான் வேண்டும், ஐந்து நிமிடத்தில் இறுகுவது கலக்கும்போதே கையில் கட்டியாகும். பசையும் ஹார்டனரும் சம அளவு, பிறகு பொடி. பதம்: இட்லி மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட இளக்கம். டைல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேடாகவே நிரப்பி, இளகலாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் நகம் வைத்துப் பார்த்தேன். சோப்புக் கட்டி பதத்துக்கு வந்ததும் புது பிளேடைப் படுக்க வைத்து, தண்ணீர் தொட்டு, மேட்டைச் சீவ வேண்டும். முந்தினால் இழுத்துக்கொண்டு வரும், பிந்தினால் கல். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பளபளப்பு போனால் அந்த வட்டம் ஓட்டையைவிடப் பெரிதாகத் தெரியும்.

நாலாவது இரவு பதினொன்றுக்குத்தான் பதம் வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலாவது தெரிகிறது. நிறம் சரி, மினுக்கு இல்லை. நிறமில்லா நகப்பூச்சு ஒரு கோட்.

புதுத் துளைகள். டைல் ஜாயிண்டிலிருந்தும் அளக்கவில்லை, ஜாயிண்டும் வாட்டமாக இருக்கலாம். இடது முனையைத் துளைத்து மாட்டி, ரசமட்டத்தைக் கம்பி மேலேயே வைத்து வலது முனையைக் குறித்தேன். டேப் ஒட்டி, ஈட்டிமுனை டைல் பிட், ஹேமர் இல்லாமல், மெதுவான வேகம், ஈரப் பஞ்சு. தூசு செம்மண் நிறத்திலிருந்து சாம்பலாக மாறினால் டைல் தாண்டியாயிற்று. அப்புறம்தான் சாதா பிட், ஹேமர். ஆழம் 75 மில்லி, பிட்டில் டேப் சுற்றி அடையாளம். திருகாணி 65 மில்லி, ஸ்டெயின்லெஸ்: டைலும் பூச்சும் 25 தின்றுவிடும், செங்கலுக்குள் 40 போக வேண்டும். பிளக் டைலைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும். டைலுக்குள் விரிந்தால் டைல் வெடிக்கும். மரக்கட்டை அடித்தால் ஈரத்தில் ஊதி அதையே செய்யும்.

பிளேட்டைச் சுற்றி சிலிக்கான், அடியில் மட்டும் ஓர் இடைவெளி விட்டு. உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே வர வழி வேண்டும்.

இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. குமிழ் நடுவில்.

நவம்பர் 10, திங்கள்

காலை ஆறு. நாலாவதன் மேல் விரல் ஓட்டிப் பார்த்தேன். நகத்துக்கு ஓரம் இடறவில்லை. வண்டிச் சத்தம்.